பதினேழு தலையும் ஒரு கடலும்

கூட்டிக்கொண்டு போனவர்களை எண்ணி, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து அவரவர் வாசலில் இறக்கிவிடுவதுதான் டூர் தொழில். கோயில், கடல், பாலம் எல்லாம் அதற்கு நடுவில் வருகிற இடைஞ்சல்கள்.

நாலு பேரை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப் போயிருந்தால்கூட நான் சொல்வது உங்களுக்குப் புரியும். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒருத்தி செருப்பைத் தேடுவாள். ஒருத்தி தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருப்பாள். அந்த ஒரு நிமிஷம் நீங்கள் பஸ்ஸுக்கும் வாசலுக்குமாக ஓடுவீர்கள் இல்லையா? நான் எட்டு வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கிறேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். தூசி நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போனதால் வேலையை விட்டேன். அதன்பிறகு தெருப் பெண்களைச் சேர்த்து வேளாங்கண்ணிக்கு ஒரு வேன் பிடித்தேன். அப்படியே தொழிலாகிவிட்டது. கார்த்திகை விளக்கு ஆர்டரெல்லாம் போய் முடிந்ததும் பட்டறைகளில் சூளை ஆறிக் கிடக்கும். பெண்களுக்கு மூன்று நாள் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். அந்த மூன்று நாளுக்கு வருஷம் தவறாமல் பாம்பன் தீவுக்கு ஒரு வேன் விடுகிறேன். லாட்ஜ் கிடையாது. தீவின் தெற்குக் கரையில் ஒரு மீனவர் குடியிருப்பில் அமலி என்று ஒரு பெண். அவள் வீட்டில் இரண்டு அறையும் ஒரு ஓலைக் கொட்டகையும் தருவாள். பின்வாசலில் நின்றால் கடல்.

தலைகளை எண்ண எனக்குத் துணை என் கழுத்து ஜெபமாலை. பதினேழு பேர் என்றால் பதினேழு மணி நகர வேண்டும். இது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். "பயத்துலதான எண்ணுற, அதுவும் ஜெபந்தான்" என்று சிரித்தார். என்னை நான் எண்ணுவதில்லை. எண்ணுகிறவளை யார் எண்ணுவார்கள்? எல்லாரும் குளிக்கும்போது நான் கரையில் நின்று மணியை நகர்த்துவேன். உங்களையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டாமா என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

போன வருஷம் போய்வந்ததைச் சொல்கிறேன்.

மாத்திரை டப்பா

அஞ்சலையும் நானும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்துப் பலகை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஒட்டுக்கோட்டைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறாள். சூளையில் வேகாத பொம்மைக்கு எங்கள் பேச்சில் 'பச்சை' என்று பேர். பச்சையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து கையோடு வந்துவிடும். இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். நான் உடைத்த பச்சைகளுக்கு அளவே கிடையாது. அஞ்சலை கையில் ஒன்றுகூட உடைந்து நான் பார்த்ததில்லை.

அவள் வீட்டுக்காரர் கோவிந்தண்ணன் அதே பட்டறையில் சூளை வைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் மூச்சு வாங்கி வரும். அன்றிலிருந்து அஞ்சலை ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. கடலூர் இரண்டு மணி நேரத்தில் இருந்தும் அவள் கடலைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் வரேன் மேரி" என்பாள். போன வருஷம் பக்கத்து மங்களூரிலிருந்து அவள் நாத்தனார் வந்து, "எங்கண்ணன நான் பாத்துக்கிறேன், நீங்க போங்கண்ணி" என்று உட்கார்ந்துவிட்டாள். அதனால் சாக்கு இல்லாமல் போனது. விடியற்காலையில் நான் கூப்பிடப் போனபோது கோவிந்தண்ணன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவள... நனைச்சு... கூட்டியா" என்றார். ஈரம் இருக்கிற பொம்மை சூளையில் வெடித்துவிடும் என்று, வாழ்நாள் முழுக்க "காய வெச்சியா? நல்லா காய வெச்சியா?" என்று எங்களை விரட்டிய மனுஷன் அவர். சரிண்ணே என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான், தண்ணீருக்குப் பயந்தவள் போய் இப்படி ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டோமே என்று உறைத்தது.

வேன் ஸ்ரீமுஷ்ணம் தாண்டும்போது "அய்யோ" என்று ஒரு சத்தம். அஞ்சலை கையில் கோவிந்தண்ணனின் மாத்திரை டப்பா. தினமும் காலையில் அதை எடுத்துவைக்கிற கை, அன்றைக்குத் தன் பையிலேயே எடுத்துவைத்துவிட்டது. டிரைவர் ஜாபர் பாய் மங்கலம்பேட்டைக்காரர். பத்து வருஷம் துபாயில் லாரி ஓட்டியவர். உடனே வேனைத் திருப்பினார். கோவிந்தண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை இறங்கி ஓடிவருவதைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "அதுக்குள்ள... கடலப் பாத்துட்டியா?"

டீக்கடையில் பதினேழு கப்பு

பட்டுக்கோட்டை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எல்லா ஊரிலும் கண்ணாடி கிளாஸோ பேப்பர் கப்போ தருவார்கள். அந்தக் கடைக்காரர் பெருமையாகப் பீங்கான் கப்பில் கொடுத்தார். அங்கேதான் வினையே. எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் ஒரு பீங்கான் சாமான் கிடைத்தால், முதலில் கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவுவார்கள். அப்புறம் அடியில் எந்த ஊர் முத்திரை என்று திருப்பிப் பார்ப்பார்கள். யாரும் சொல்லித் தர வேண்டாம், கை தானாகத் திரும்பும்.

முதலில் குப்பு திருப்பினாள். அவள் பொம்மைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கிறவள். வாயும் அப்படித்தான், எதையும் பளபளவென்று சொல்லிவிடும். கப்பில் டீ இருந்தது அவளுக்கு ஞாபகமில்லை. டீ முழுக்க அவள் புதுச் சேலையில். அதைப் பார்த்துச் சிரித்த இரண்டு பேர், சிரித்துக்கொண்டே தங்கள் கப்பையும் திருப்பினார்கள். நான் ஓடிப்போய்த் துணி வாங்கித் துடைத்தேன். குப்பு தன் சேலையைக்கூடப் பார்க்காமல் கப்பின் அடியையே பார்த்து, "வடக்கத்தி சரக்குடி, நம்ம ஊருது இல்ல" என்று மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னாள். கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்: "ஏம்மா, டீ புடிக்கலன்னா வாயால சொல்லக் கூடாதா?"

பாலத்தின் மேல்

பாம்பன் பாலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான். வேன் பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஒரே பக்க ஜன்னலுக்குத் தாவுவார்கள். பிறகு அந்தப் பக்கம் இன்னும் அழகு என்று ஒருத்தி கத்துவாள். எல்லாரும் அந்தப் பக்கம் தாவுவார்கள். வேன் படகு மாதிரி ஆடும். ஜாபர் பாய், "உக்காருங்கம்மா, கடலப் பக்கத்துல போயி பாத்துக்கலாம், உள்ள போயி பாக்க வேணாம்" என்று கெஞ்சுவார். கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். மேலே இருந்து பார்த்தால் படகுகள் தட்டில் கொட்டிய கொள்ளு மாதிரி இருக்கும். நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே மாட்டேன். மணியைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலைகளைத்தான் பார்ப்பேன்.

அன்றைக்கும் எண்ணினேன். பதினாறு தலை ஜன்னலில், ஒரு தலை மட்டும் சீட்டில். அஞ்சலை தன் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஊரை விட்டு வந்ததிலிருந்து அரை மணிக்கு ஒருதரம் வீட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, யார் பிடித்து உட்கார வைத்தது. "கடல் வந்துடுச்சுடி, பாரேன்" என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் கழுத்தைக்கூடத் திருப்பாமல் என்னிடம் கேட்டாள்: "நம்மூரு பஸ்ஸு இந்தப் பாலத்துலதான திரும்பிப் போவும்? எத்தினி மணிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

மண்ணைப் பார்க்க வந்தவர்கள்

கடலுக்குப் போனால் என்ன பார்ப்பீர்கள்? அலை, படகு, சூரியன் இறங்குவது. எங்கள் வேனில் வந்தவர்கள் கரையில் இறங்கியதும் குனிந்து மணலை எடுத்தார்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்கள். ஒருத்தி நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தாள். "ஒட்டாது", "சலிச்சாலும் ஒட்டாது" என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு, இந்தத் தீவு நமக்கு உதவாது என்பதுபோல் கையைத் தட்டிக்கொண்டார்கள். அமலி சிரித்துக்கொண்டே, அலையிலிருந்து இருபது எட்டுத் தள்ளி முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டினாள். கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் ஊறியது. அள்ளிக் குடித்தால் நல்ல தண்ணீர்! கடலுக்குப் பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர். வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட அஞ்சலை தவிர, பதினாறு பேரும் சுற்றி உட்கார்ந்து, கோயில் தீர்த்தம் மாதிரி ஒவ்வொருத்தியாகக் கை நீட்டிக் குடித்தார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால் கேட்டு, தோண்டச் சொல்லிக் குடித்துப் பாருங்கள்.

குப்பு மட்டும் தனியாகப் போய் ஒரு சோழியைப் பொறுக்கி வந்தாள். பழுப்பில் புள்ளி போட்ட சின்னச் சோழி. கட்டைவிரலால் தடவினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு வழிசல் இல்லை. இருபது வருஷமாகப் பொம்மைகளைக் கரைசலில் முக்கி எடுத்தவளுக்கு முகமே மாறிப்போனது. அமலியிடம் காட்டி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்: "யக்கா, இதுக்குப் பாலீஷ் போட்டது யாரு?"

காட்டு

அந்தச் சாயங்காலம் அஞ்சலை கரைக்கு வந்தாள். வந்தாள் என்றால், அமலி வீட்டுப் பின்வாசலிலிருந்து பத்து எட்டு வந்தாள். பை தோளில்தான் இருந்தது. இன்றைக்கு நேர் பஸ் இல்லையாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஜாபர் பாயை வைத்து ஒரு பொய் சொல்லியிருந்தேன். பாய் பொய் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து முறைத்தார். "கோவிந்தண்ணனுக்கு வாக்குக் குடுத்துட்டேன் பாய்" என்றேன். "நீங்க குடுத்த வாக்குக்கு நான் ஏங்க பொய் சொல்லணும்?" என்று முனகிக்கொண்டே போனார்.

அஞ்சலை வீட்டுக்குப் போன் போட்டாள். பட்டன் போன், சத்தமாகத்தான் கேட்கும். சாப்பிட்டாரா என்று இவள் கேட்க, அந்தப் பக்கம் போன் கை மாறியது. "அது... என்னா... சத்தம்?" என்று கோவிந்தண்ணன் கேட்டார். "அலைங்க" என்றாள்.  பிறகு, "காட்டு" என்றார். அஞ்சலை போனைக் கையில் நீட்டிப் பிடித்தாள். போதாது என்று இன்னும் நாலு எட்டு நடந்தாள். அலை வந்து உடைகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, சாமிக்குத் தீபம் காட்டுகிற மாதிரி போனை முன்னும் பின்னும் நகர்த்தினாள். அப்போதும் கால் நனையவில்லை. கை வலித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "காட்டுன்றாரு மேரி. சத்தத்த எப்படிக் காட்டுறது?"

பாசி எடுக்கிறவர்கள்

மறுநாள் காலையில் அமலியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் பாசி எடுக்கப் புறப்பட்டார்கள். கடலுக்கு அடியில் பாறைகளில் வளர்கிற பாசி. முங்கிப்போய்க் கையால் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். அமலி சேலைக்கு மேல் ஒரு பழைய ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அஞ்சலை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்தாள். பாறை கீறி, உப்பு ஊறி, நகத்தைச் சுற்றி வெடிப்பு வெடிப்பாக இருந்தது. அஞ்சலை தன் கையை நீட்டிக் காட்டினாள். மண்ணும் ஸ்பாஞ்சு ஈரமும் தின்ற கை, அதுவும் அப்படித்தான். இரண்டு பேரும் என்ன தடவுவீர்கள், தேங்காய் எண்ணெயா, வாஸ்லினா என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். ஊரை விட்டு வந்தபிறகு அஞ்சலை போனை மறந்த முதல் பத்து நிமிஷம் அதுதான். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமலி எழுந்து, "வாங்களேன், இடுப்பளவு தண்ணியில நின்னு பாருங்க. இப்ப தண்ணி சும்மா தொட்டில்ல இருக்குற மாதிரி கெடக்கு" என்று கூப்பிட்டாள். அஞ்சலை உடனே பையைக் கட்டிக்கொண்டாள். "இல்லம்மா, நானு... அவரு அங்க படுத்துக் கெடக்கையில நானு..." என்று இழுத்தாள். முடிக்கவில்லை. அமலிக்குப் புரிந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "எனக்குக் கடலுக்குப் போறதுன்னா வேலைக்குப் போறதுதான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சும்மா எறங்கணும்னு எனக்கும் ஆசைதான். எனக்காகவாச்சும் எறங்கிட்டுப் போங்க."

இரண்டு கடல்

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் அங்கே ஒதுங்க நிழல் இல்லை. அதனால் பாசிக்காரர்கள் போனதும் நாங்களும் கிளம்பிவிட்டோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். நீளமான கால் வைத்த பறவைகள் தண்ணீரில் கூட்டமாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கலாம், பக்கத்தில் போனால் பறந்துவிடும். ஒரு பக்கத்தைப் பெண் கடல் என்றும் மறு பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். மாங்காய் விற்கிற அம்மா ஒருத்தி எங்களுக்கு விளக்கினாள். பெண் கடல் சாது, ஆண் கடல் முரடு என்றுதான் பேர். ஆனால் வாடைக்காற்று அடிக்கிற இந்த மாசத்தில் தலைகீழ். பெண் கடலுக்குத்தான் கோபம், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும் என்றாள்.

எல்லாரும் திரும்பித் திரும்பி இரண்டு பக்கமும் பார்த்தார்கள். உண்மைதான். இடது பக்கம் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. வலது பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. அஞ்சலைகூட லேசாகச் சிரித்தாள். குப்பு மாங்காயைக் கடித்துக்கொண்டே அந்த அம்மாவிடம் கேட்டாள்: "எங்க வூட்டு ஆண் கடலு எந்த மாசம் அடங்கும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா."

அரிசி டின்

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து வந்து சாப்பிட்டோம். மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும். கடலில் இறங்க அந்த ஒரு மதியம்தான் மிச்சம். அஞ்சலை போனும் கையுமாகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று போனை வாங்கினேன். வாங்கி, சத்தம் வராமல் செய்து, நாங்கள் கொண்டுவந்திருந்த அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். போன் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பக்கம் வருவாள் என்று நினைத்தேன். வரவும் செய்தாள். குப்பு கையைப் பிடித்து இழுக்க, கரை வரைக்கும் வந்து, கால்விரல் நுனி நனைகிற அளவுக்கு ஒரு அலையை வர விட்டாள். விட்டவள் சட்டென்று திரும்பி, "மேரி, போனு எங்க?" என்றாள். சார்ஜில் என்றேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். சார்ஜில் இல்லை. பதினேழு பேரும் தேட ஆரம்பித்தார்கள். பாய்க்கு அடியில், வேன் சீட்டுக்கு அடியில், குப்புவின் ஈரச் சேலை மூட்டையில். நானும் தேடினேன். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, நானும் குனிந்து குனிந்து தேடினேன். உங்களில் யாராவது அப்படித் தேடியிருந்தால், அந்த அவமானம் உங்களுக்குத் தெரியும்.

அஞ்சலையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டின்னைத் திறந்து, கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன்.  அரிசியைத் தட்டிவிட்டுப் பார்த்தாள். வீட்டிலிருந்து பதினோரு மிஸ்டு கால்.  ஜாபர் பாய் போய் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார். யாரோ அவள் பையை எடுத்து வந்து கொடுத்தார்கள்.  மாதாவே, நான் என்ன செய்துவிட்டேன், என்ன செய்துவிட்டேன் என்று மணியை உருட்டினேனே தவிர, எண்ணிக்கை வரவில்லை.

அஞ்சலை போன் போட்டாள். நாத்தனார் எடுத்தாள். "எங்கண்ணி போனீங்க? மத்தியானத்துலேர்ந்து எங்கிட்டேர்ந்து போனப் புடுங்கிப் புடுங்கி அவரே அமுக்குறாரு. சோத்தத் தொட மாட்டேன்றாரு. என்னான்னு நீங்களே கேளுங்க" என்று போனை மாற்றினாள். அஞ்சலை, "என்னாங்க? என்னா பண்ணுது? எங்க வலிக்குது?" என்றாள். நாங்கள் பதினேழு பேரும், பாயும், அமலியும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது: "நேத்தி... மாரி... அலை... கேக்கல."

இரண்டு உள்ளங்கை

 அஞ்சலை பையைத் தோளிலிருந்து கழற்றி மணலில் வைத்தாள். ஜாபர் பாயைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, சத்தமா கேக்குற மாதிரி வெச்சுப் புடிங்க. உள்ள வந்து புடிங்க" என்றாள். பாய் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு அலைக்குள் போய் நின்றார். அஞ்சலை அவரைத் தாண்டிப் போனாள். முழங்கால், இடுப்பு, மார்பு. ஒரு அலை வந்து தலையோடு மூடி எடுத்தது. எழுந்து, முகத்தை வழித்து, வாயில் இருந்த உப்பைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். பட்டறையில் பதினான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு புதுசு.

பாசிப் பையை இறக்கி வைத்துவிட்டு அமலியும் சும்மா இறங்கினாள். எல்லாரும் இறங்கினார்கள். நான் கரையில் நின்று மணியைப் பிடித்தேன். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். நேராக வெளியே வந்து என் முன்னால் நின்றாள். "அரிசியிலயா ஒளிச்சு வெக்கிற?" என்றாள். அவ்வளவுதான், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயம்டி, நான் எண்ணணும்" என்று கத்தினேன். "யக்கா, நீ போ, நான் எண்ணுறேன்" என்று குப்பு என் ஜெபமாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அஞ்சலை என்னை இடுப்புத் தண்ணீர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முதுகுக்கு அடியில் கொடுத்தாள். "சாய்" என்றாள். சாய்ந்தேன். கால் தரையை விட்டு எழும்பியது. மேலே வானம். காதுக்குள் தண்ணீர். எங்கேயோ ஜாபர் பாய், "ரெண்டு பேரும் எறங்கிட்டாங்கண்ணே. எங்க டூரக்காவ மெதக்க வுடுறாங்க. அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்குது" என்று போனில் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார். "போட்டுடாதடி, போட்டுடாதடி" என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அஞ்சலை என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்: "பச்சைய எப்படித் தூக்குறதுன்னு நீ எனக்குச் சொல்லித் தரியா?"

ஈரச் சேலை

மறுநாள் விடியலில் கிளம்பினோம். வேனில் எல்லாருடைய சேலையும் ஜன்னல் கம்பியில் கொடி கட்டிப் பறந்தது. அஞ்சலையுடையது மட்டும் இல்லை. பிழிந்து உதறிப் போடு, நாற்றம் அடிக்கும் என்று ஏழு தரம் சொன்னேன். கேட்கவில்லை. கடலில் நனைந்ததைப் பிழியாமல் அப்படியே சுருட்டி, மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாலத்தில் ஏறும்போது ஜன்னலில் முதல் தலை அவளுடையதுதான்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் இறக்கினோம். கோவிந்தண்ணன் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அஞ்சலை முடிச்சை அவிழ்த்து, ஈரச் சேலையை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாசலில் விழுந்தது. அவர் அதை மெதுவாகப் பிசைந்தார். மண் பதம் பார்க்கிற மாதிரி. பிறகு முகத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார், "குடுங்கண்ணி, மாடியில போட்டா நாளைக்குள்ள காஞ்சிடும்" என்று கையை நீட்டினாள். சேலையை விடவில்லை அவர். ஆயுசெல்லாம் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நேர் எதிராக ஒன்றைச் சொன்னார்: "காய... வெக்காத."

அன்றைக்கு குப்பு கடலில் நின்று ஜெபமாலையை உருட்டி 'பதினெட்டு' என்று கத்தியதிலிருந்து என்னையும் சேர்த்தே எண்ணுகிறேன். கணக்கில் ஒரு தலை கூடியிருக்கிறது, கவலைப்படவும் ஒரு தலை கூடியிருக்கிறது.